அமெரிக்க ஓவியத்தில் கொல்லர் (19ஆம் நூற்றாண்டு): முக்கியக் குறிப்புகள்

• முதலில் படிக்க வேண்டிய படம் ‘உலைக்களத்தில் பேட் லயன்’. ஓவியர் ஜான் நீகல்; ஆண்டு 1826–27; இருப்பிடம் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம். 1829இல் அவரே தீட்டிய இரண்டாம் படி பிலடெல்பியாவில், பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தில் உள்ளது.

• பேட்ரிக் லயன் பிலடெல்பியாவில் கொல்லராகவும் பூட்டு செய்பவராகவும் இருந்தவர். பின்னாளில் தீயணைப்பு எந்திரங்கள் செய்து செல்வந்தரானார். 1798இல் பென்சில்வேனியா வங்கி கொள்ளை போனது (1,62,821 டாலர்). வங்கியின் பெட்டக அறைக் கதவுகளில் வேலை செய்தவர் என்பதால் பழி இவர்மேல் விழுந்தது. அப்போது இவர் இருந்ததோ டெலாவேரின் லூயிஸ் ஊரில். தாமாகவே திரும்பி வந்து விளக்கம் சொன்னார். அப்படியும் வால்நட் தெருச் சிறையில் அடைத்தார்கள். குற்றவாளி வேறொருவன் என்பது பின்னர் வெளிப்பட்டது. லயன் வழக்குத் தொடுத்தார். 1805இல் நடுவர் குழு 12,000 டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது.

• விரிவான விடைக்கு மதிப்பெண் தருவது படத்தின் நுட்பங்களே. தம்மைக் கனவானாகத் தீட்ட வேண்டாம் என்றார் லயன். அதனால் சுருட்டிய சட்டைக் கை, தோல் ஏப்ரன், கையில் சுத்தியல், பின்னால் தொழில் பழகும் சிறுவன். சன்னல் வழியே தெரிவது அதே சிறையின் கோபுர முகடு! படத்தின் உயரம் ஏறத்தாழ 238 செ.மீ. தளபதிகளுக்கும் பெருவணிகர்களுக்கும் உரிய அளவை ஓர் உழைப்பாளி தமக்காகக் கேட்டுப் பெற்றார். இந்தத் தலைப்பில் இதற்கு இணையான படம் வேறில்லை.

• லாங்ஃபெலோவின் ‘கிராமத்துக் கொல்லன்’ கவிதை 1840இல் வெளிவந்தது. நீகலின் படம் அதற்கு முந்தியது. காலவரிசை வினாவில் பலர் தடுமாறுவது இங்கேதான்.

• ஜான் ஃபெர்குசன் வியர்: ‘பீரங்கி வார்ப்பாலை’ (1864–66). களம் நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் பாயின்ட் வார்ப்பாலை. உள்நாட்டுப் போர்க் காலம். தனிக் கொல்லர் மறைந்து, தொழிலாளர் கூட்டம் முன்னே வருகிறது. அவரது ‘தண்டு அடித்தல்’ 1869இல் தீக்கிரையானது. 1874–77இல் மீண்டும் தீட்டியது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

• தாமஸ் ஆன்ஷட்ஸ்: ‘இரும்பாலைத் தொழிலாளரின் நண்பகல்’, 1880.

• விஸ்லர்: ‘லைம் ரீஜிஸின் கொல்லர்’, 1895. ஓவியர் அமெரிக்காவில் பிறந்தவர். படத்தின் களம் இங்கிலாந்து. அமெரிக்கப் பட்டறைப் படங்களின் பட்டியலில் இதைச் சேர்த்துவிடாதீர்கள்.