மழை பெய்தால் டீவி படம் நிற்கிறதா? ஆள் கூப்பிடும் முன் இதைப் பாருங்கள்



போன மாதம் கீழ்ப்பிரிவு லயத்துக்குப் போயிருந்தேன். ஓர் அக்கா என்னைக் கண்டதும், "ஐயா, டீவி படம் கட்டம் கட்டமா உடையுதுங்க. ரெண்டு தடவ ஆள் கூப்பிட்டாச்சு. ரெண்டு தடவயும் காசு வாங்கிட்டு டிஷ்ஷத் திருப்பிட்டுப் போனாங்க. மறுபடி மழை பேஞ்சா அதே கதைதான்" என்றார். பார்த்தால் டிஷ்ஷில் ஒரு குறையும் இல்லை. வயரைப் பூட்டும் முனையைக் கழற்றினேன். உள்ளே தண்ணீர். செப்புக் கம்பி பச்சை பிடித்துக் கிடந்தது. ஓரிரண்டு அங்குலம் வெட்டிப் புது முனை போட்டதும் படம் வந்துவிட்டது. அந்த அக்கா அதுவரை கொடுத்த காசு, கொழுந்து எடுத்த இரண்டு நாள் பேரை விட அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பழைய அன்டெனாவையும் இந்த டிஷ்ஷையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. ரூபவாஹினி 1982-இல் தொடங்கியது. நுவரெலியாவுக்கு மேலே பீதுருதலாகல உச்சியிலுள்ள கோபுரத்திலிருந்து வரும் படத்தை நாம் அன்டெனாவில் பிடித்தோம். படம் மோசமானால் புள்ளி விழும், நிழல் தட்டும். ஆனாலும் ஏதோ தெரியும். ஒருவர் வெளியே குழாயைத் திருப்ப, மற்றவர் உள்ளேயிருந்து "இப்ப சரி, இப்ப சரி" என்று கத்துவோமே! டிஷ்ஷில் வருவது டிஜிட்டல் படம். சிக்னல் போதுமான அளவு இருக்கும்வரை படம் கண்ணாடி மாதிரி இருக்கும். கொஞ்சம் குறைந்தால் கட்டம் கட்டமாக உடையும், சத்தம் வெட்டும். இன்னும் குறைந்தால் ஒன்றுமே இல்லை. ஆகவே நல்ல வெயிலில் படம் தெளிவாக இருப்பதால் எல்லாம் சரி என்று சொல்ல முடியாது. ஓரத்தில் நிற்கிற சிக்னலை ஒரு சிறு தூறல்கூடத் தள்ளிவிடும்.

முதலில் டிஷ்ஷைத் தொடாமல் பக்கத்துக் காம்பராவில் கேளுங்கள். அவர்களுக்கும் படம் இல்லையென்றால் அது மழையாகவோ கம்பனிப் பக்கத்துக் கோளாறாகவோ இருக்கும், பொறுத்திருங்கள். உங்களுக்கு மட்டும் என்றால், திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். காசு கட்டாததற்கு வரும் அறிவித்தல் வேறு, சிக்னல் இல்லை என்பது வேறு. பாதி சனல் வந்து பாதி வராவிட்டால், அந்தச் சனல்கள் நீங்கள் கட்டும் பொதியில் இருந்தால், வயரைச் சந்தேகியுங்கள். பெட்டியிலிருந்து அந்த வயர் வழியாகத்தான் டிஷ்ஷின் முன்னால் நிற்கும் எல்.என்.பி.க்கு மின்சாரம் போகிறது. சில சனல்களுக்கு 13 வோல்ட், சிலவற்றுக்கு 18 வோல்ட். வயர் கெட்டிருந்தால் 18 போய்ச் சேராது. அந்தச் சனல்கள் மட்டும் காணாமல் போகும்.

வயரைப் பார்ப்பது எப்படி? முதலில் பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பிறகு இரண்டு முனைகளையும் திருகிக் கழற்றுங்கள். நடுக் கம்பி செம்பு நிறத்தில் மினுங்க வேண்டும். கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் நல்ல கம்பி வரும்வரை வெட்டி, புது முனை போட வேண்டும். சுற்றியுள்ள சல்லடைக் கம்பியில் ஓர் இழை நடுக் கம்பியைத் தொட்டாலும் படம் வராது. எல்.என்.பி.க்குக் கீழே வயரை ஒரு வளையம் போலத் தொங்க விட்டால் மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிப் போகும், முனைக்குள் ஏறாது. முனையை ரப்பர் டேப் போட்டுச் சுற்றுங்கள். நம்ம லயங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது: வயர் எட்டாவிட்டால் இரண்டு துண்டைக் கையால் முறுக்கி, பொலித்தீன் பையைக் கட்டிவிடுவது. மின்குமிழுக்கு அது ஒருவேளை எரியும், டிஷ்ஷுக்கு ஆகாது. ஆர்.ஜி. 6 என்று எழுதிய வயரை ஒரே துண்டாக வாங்குங்கள்.

எல்.என்.பி.யின் முகத்து மூடியையும் பாருங்கள். வெடித்திருந்தால் தண்ணீர் இறங்கும், மாற்றத்தான் வேண்டும். குளவிக் கூடு, சிலந்தி வலை இருந்தால் காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

வயர் சரி, எல்.என்.பி. சரி, ஆனாலும் போன வருடத்தை விட மோசம் என்றால், மரம் வளர்ந்திருக்கிறதா பாருங்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். டயலொக் டிஷ் மேற்கு வானத்தைப் பார்க்கிறது. மார்ச் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் கடைசியிலும் சில நாட்களுக்கு, பின்னேரம் மூன்று மணி வாக்கில், சூரியன் அந்தச் செய்மதி இருக்கும் இடத்துக்கே வந்து நிற்கும். அந்த நேரம் உங்கள் டிஷ்ஷின் மேல் சவுக்கு மரத்தின் நிழல் விழுந்தால், சிக்னலை மறிப்பது அந்த மரம்தான். வெயில் நேராக விழுந்தால் மரத்தில் குற்றமில்லை. (அந்த நாட்களில் சில நிமிடம் படம் போய் வரும். அது பழுதல்ல, சூரியனின் இரைச்சல்.) இந்தியக் கம்பனி டிஷ்களுக்கு இந்த மூன்று மணிக் கணக்குப் பொருந்தாது, அவை தெற்கு, தென்கிழக்குப் பக்கம் இன்னும் உயரத்தைப் பார்ப்பவை. தோட்டத்து மரத்தை நீங்களாக வெட்டாதீர்கள், ஒபிசில் சொல்லுங்கள்.

டிஷ்ஷைத் திருப்புவது கடைசி வேலை. திருப்பும் முன் இப்போது நிற்கும் இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்தால் இரண்டு பட்டைகள் தெரியும். பலம் என்பதை நம்பாதீர்கள், டிஷ் வேறெங்கோ பார்த்தாலும் அது ஏறி நிற்கும். தரம் என்ற பட்டைதான் உண்மை பேசும். ஒரு நூல் அளவு நகர்த்தி, ஐந்தாறு விநாடி பொறுத்து, அதைப் பாருங்கள். அவசரப்பட்டால் இருந்ததும் போய்விடும்.

அடை மழையில் படம் போவதற்கு யாரிடமும் மருந்தில்லை. செய்மதி 36,000 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. அங்கிருந்து மெலிந்து வரும் அலையை மழைத் துளிகள் குடித்துவிடும். மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரையும், பதுளை, பசறைப் பக்கம் ஆண்டுக் கடைசியிலும் இது நடக்கும். மழை விட்டால் தானாக வரும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மண்சரிவு எச்சரிக்கை சொல்லப்படும் நேரமும் அதே நேரம்தான். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தயில் லயங்கள் புதையுண்டதை நாம் மறக்கவில்லை. அந்த நேரத்தில் டிஷ்ஷை நம்பி இருக்க வேண்டாம். பற்றரி ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள்.

இடி முழங்கத் தொடங்கும் முன்பே பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள். முழங்கும்போது அவற்றைத் தொட வேண்டாம். ஈரக் கூரையில் ஏறக் கூடாது. பழைய தகரமும் சீற்றும் ஆளைத் தாங்காது. மின்கம்பிக்குப் பக்கத்தில் இரும்புக் குழாயைத் தூக்கவே வேண்டாம், அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். அவரிடமும் என்ன பழுது, எவ்வளவு காசு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய சாமானை உங்கள் கையில் தரச் சொல்லுங்கள்.