கோச் வந்த வழி

கேள்வி: எங்கள் கம்பெனியில் டீம் லீடருக்கு மேலே ‘கோச்’ என்று புதிதாக ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். கிரிக்கெட் டீமுக்குத்தானே கோச்? தொழிற்சாலைக்குள் எப்படி வந்தார்?
- வாசகர், வல்லக்கோட்டை

பதில்: கிரிக்கெட்டுக்கு முன்னால் அவர் பரீட்சைக்கு வந்தார். பரீட்சைக்கு முன்னால் அவர் ஆளே இல்லை, வண்டி!

ஹங்கேரியில் கோச் என்றே ஒரு கிராமம் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்க்காரர்கள் செய்த குதிரை வண்டி அலுங்காமல் ஓடியதால், ஊர்ப் பெயரே ஐரோப்பா முழுக்க வண்டிக்குப் பெயராகிவிட்டது. 1830களில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தங்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பரீட்சையில் கரைசேர்க்கும் தனி வாத்தியாருக்கு அந்த வண்டியின் பெயரை வைத்தார்கள். மைதானத்துக்கு வந்தது அதற்கும் பிறகு. பெரம்பூரில் 1955இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயரில் இருப்பதும் இதே கோச்தான். பெரம்பூர் ரயில் பெட்டிக்கும் உங்கள் புது மேலதிகாரிக்கும் பூர்வீகம் ஒன்று.

தொழிற்சாலைக்கு வந்த கதையில் ஒரு தப்பெண்ணத்தைத் திருத்த வேண்டும். ஒரகடம் பக்கம் யாரைக் கேட்டாலும், வேலையிடத்திலேயே ஆளைப் பழக்குவதும் கூடிப் பேசுவதும் ஜப்பான்காரன் கண்டுபிடிப்பு என்பார்கள். விதை அமெரிக்காவுடையது. முதல் உலகப்போரில் கப்பல் கட்ட ஆள் போதாமல், தொழில் தெரியாதவர்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்தார்கள். அவர்களைப் பழக்க, தொழிற்கல்வியாளர் சார்லஸ் ஆலன் நான்கு படி வகுத்தார்: ஆளைத் தயார்செய், செய்துகாட்டு, செய்யவிடு, சோதித்துப் பார். இரண்டாம் உலகப்போரில் அதை விரித்து சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 1945இல் போர் முடிந்ததும் அமெரிக்கா அந்தத் திட்டத்தை மூடிவிட்டது. தோற்ற ஜப்பான் எடுத்து வைத்துக்கொண்டது. 1962இல் தரக் கட்டுப்பாட்டு நிபுணர் இஷிகாவாவின் முயற்சியில் அங்கே, தொழிலாளர்களே கூடிப் பேசிக் குறைகளைத் தீர்க்கும் தரவட்டங்கள், அதாவது குவாலிட்டி சர்க்கிள், பிறந்தன. இந்தியாவில் 1980இல் ஹைதராபாத் பெல் (BHEL) ஆலையில் முதல் வட்டம் கூடியது. 1998இல் பாடி சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்கு ஜப்பான் தரும் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவில் அதற்கு முன் எவரும் வாங்கியதில்லை. நம் சென்னைக்கு அது பெரிய பெருமை, பள்ளிப் பாடத்தில் சேர்க்கலாம்.

ஆனால் கூட்டு வேலை என்று வந்தால், காஞ்சிபுரத்தை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வராது. கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா. தறியில் உட்கார்ந்தவர் இரண்டை வீசுவார்; பக்கத்தில் இருக்கும் துணையாள் மூன்றாவதை வீசுவார். கரையும் உடலும் கோக்கும் இடத்தில் ஒருவர் கை தாமதித்தால் புடவையே காட்டிக்கொடுக்கும். உங்கள் ஊரிலிருந்து சிறிது தூரத்தில் இந்தப் பாடம் நூற்றாண்டுகளாக நடக்கிறது. டீம் வொர்க் பயிற்சிக்கு ரிசார்ட்டுக்குப் போகிறவர்கள் ஒருநாள் தறிக்குழிப் பக்கம் போய் உட்காரட்டும்.

கேள்வி: கோச் சொல்லித்தருகிறார், சரி. ‘ஃபெசிலிடேட்டர்’ என்று இன்னொருவர் மீட்டிங்கில் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே?
- அதே வாசகர்

பதில்: சும்மா இருப்பதுதான் அவர் வேலை, மிகக் கஷ்டமான வேலை. தரவட்டங்களிலும் அந்தப் பதவி உண்டு. விடை சொல்லக் கூடாது, விடை தெரிந்தவரைப் பேசவைக்க வேண்டும்.

உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் நானே பார்த்தேன். ரப்பர் வாஷர் போடாமலே பீஸ் அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் பத்து நிமிடம் ‘கவனம், கவனம்’ என்று பேசினார். பிறகு ஃபெசிலிடேட்டர் ஓரத்தில் நின்ற பெண்ணிடம், “நீ சொல்லும்மா, எப்போ விட்டுப்போகுது?” என்றார். “வாஷர் டப்பா முதுகுப் பக்கம் இருக்கு சார். திரும்பி எடுக்கிறதுக்குள்ள பெல்ட் நகர்ந்துடுது” என்றாள். டப்பாவை முன்னால் மாற்றினார்கள். அவ்வளவுதான். அவள் ஒப்பந்தத் தொழிலாளி. அதுவரை அவளை எந்த வட்டத்திலும் சேர்க்கவில்லை. லைனில் நிற்கிறவர் யாராக இருந்தாலும், எந்த நிற அடையாள அட்டை போட்டிருந்தாலும், வட்டத்தில் அவருக்கு நாற்காலி வேண்டும். இதை நான் எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

கேள்வி: எங்கள் ஊர் முருகன் எத்தனை அடி?
- இன்னொரு வாசகர், வல்லக்கோட்டை

பதில்: ஏழடி என்பார்கள். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். தெரிந்தவரைப் பேசவிடுவது பற்றிச் சொன்னேனே, முருகன் என்றதும் எனக்கு சுவாமிமலை ஞாபகம் வருகிறது. அங்கே பிரணவத்துக்குப் பொருள் மகன் முருகன் சொன்னார், அப்பா சிவன் வாய் பொத்திக் கேட்டார். கோயிலும் அப்படியே அமைந்திருக்கிறது: 60 படி ஏறினால் சுவாமிநாதன். மீனாட்சியும் சுந்தரேசுவரரும் கீழ்த்தளத்தில்.