பாடம் கற்பித்த போர்க்கப்பல்

கொச்சியின் தேவராவிலிருந்து வெண்டுருத்திப் பாலத்தைக் கடந்தால் வில்லிங்டன் தீவை அடையலாம். துறைமுகம் அமைப்பதற்காகக் காயலைத் தூர்வாரிய மண்ணைக் கொண்டு, பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் பெரிதும் உருவாக்கப்பட்ட தீவு அது. இந்தியக் கடற்படையின் பயிற்சிப் பணிகளுக்குப் பொறுப்பான தென்மண்டலத் தலைமையகம் இங்குதான் உள்ளது. அதன் பயிற்சிக் கப்பல்களுள் ஒன்றாக 1995 முதல் 2012 வரை பணியாற்றியது ஐ.என்.எஸ். கிருஷ்ணா என்னும் பிரிகேட் வகைப் போர்க்கப்பல்.

அக்கப்பல் பிறந்த இடம் இந்தியா அன்று, இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத். 1967ஆம் ஆண்டு மே மாதம் அது நீரில் இறக்கப்பட்டது. பல நூற்றாண்டுகளாகப் போர்க்கப்பல்களைக் கட்டிவந்த போர்ட்ஸ்மத் அரசுத் தளம் கட்டிய கடைசிக் கப்பல் அதுவே. அப்போது அதற்கு இடப்பட்ட பெயர் ஆந்த்ரோமெடா. கிரேக்கப் பழங்கதையில் கடல் அரக்கனுக்கு இரையாகப் பாறையில் பிணைக்கப்பட்டு, பின்னர் மீட்கப்பட்ட இளவரசியின் பெயர் அது.

ஏறத்தாழ 113 மீட்டர் நீளமுள்ள அக்கப்பல் நீராவிச் சுழலிகளால் இயங்கியது. 1975-76இல் ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை 200 கடல்மைலாக விரித்தபோது, தன் மீனவரைக் காக்கப் பிரிட்டன் அனுப்பிய கப்பல்களுள் ஆந்த்ரோமெடாவும் ஒன்று. அங்கே பீரங்கிச் சண்டை நிகழவில்லை. மாறாக, கப்பலும் கப்பலும் உரசி மோதின. ஐஸ்லாந்தின் தோர் என்னும் காவற்கப்பலோடு ஆந்த்ரோமெடா மோதியது. இறுதியில் விட்டுக்கொடுத்தது பிரிட்டன்தான்.

அதன்பின் அதன் பெரிய பீரங்கிகள் அகற்றப்பட்டு, எக்சோசெட், சீ உல்ஃப் ஆகிய ஏவுகணைகள் பொருத்தப்பட்டன. 1982இல் பாக்லாந்து தீவுகளுக்காக அர்ஜென்டினாவுடன் மூண்ட போரில் அது விமானந்தாங்கிக் கப்பலுக்குக் காவலாகச் சென்றது. அப்போரில் ஷெஃபீல்டு என்னும் பிரித்தானியக் கப்பலை அழித்ததும் எக்சோசெட் குடும்பத்து ஏவுகணையே. ஒரே ஆயுதம் இரு தரப்பாரிடமும் இருந்தது!

1995இல் இந்தியா அதனை வாங்கியது. இவ்வகைக் கப்பல் இந்திய மாலுமிகளுக்குப் புதிதன்று. இதே வடிவமைப்பில் மும்பையில் கட்டப்பட்ட நீலகிரி 1972இலேயே கடற்படையில் சேர்ந்திருந்தது. தமிழ்நாட்டு மலையின் பெயரைத் தாங்கிய அதுவே இந்தியாவில் கட்டப்பட்ட முதல் பெரிய போர்க்கப்பல். ஆந்த்ரோமெடாவோ கிருஷ்ணா என்னும் ஆற்றின் பெயரைப் பெற்றது. முன்னர்க் கிருஷ்ணா, காவிரி என்று இரு பழைய கலங்கள் பயிற்சிப் பணியாற்றியிருந்தன. அம்மரபு தொடர்ந்தது.

ஏவுகணைகளை நீக்கிய கப்பலைப் பல் பிடுங்கிய பாம்பு என்று சிலர் எள்ளக்கூடும். அவ்வுவமை இங்குப் பொருந்தாது. ஆயுதங்கள் இருந்த இடம் மாணவர்களுக்கு உரியதாயிற்று. கடற்படைப் பயிற்சிக்கழகத்தில் ஏட்டுக் கல்வி முடித்தவர்கள் கப்பலேறிக் கடலை அறியத் தொடங்குவது இத்தகைய கலத்தில்தான். அக்கழகம் இன்று கண்ணூர் மாவட்டத்து ஏழிமலையில் உள்ளது. சங்கப் பாடல்கள் நன்னனுக்கு உரியதாகக் கூறும் ஏழில்மலை அதுவே.

கப்பல் துறையை விட்டு அகன்றதும் முதற்பாடத்தை நடத்துவது அலை. தலை சுற்றும், உண்டது தங்காது. ஆயினும் முறை வந்தால் காவலுக்கு நின்றே ஆகவேண்டும். நள்ளிரவில் எழுந்து வரைபடத்தில் கப்பலின் இடத்தைக் குறிக்க வேண்டும். கருவிகள் பழுதானாலும் திசை தவறாதிருக்க, செக்ஸ்டன்ட் என்னும் கோணமானியால் விண்மீன்களை அளந்து இடம் காண வேண்டும். கீழே எந்திர அறையில் கொதிகலனின் வெப்பம் வியர்வையாய்ப் பெருகும். அங்கே கண்ணுக்கு இணையாகக் காதும் உழைக்கும். ஒலி சற்று மாறினாலும் எங்கோ கோளாறு என்று முதிய மாலுமி கூறிவிடுவார். இத்தகைய அறிவை நூலில் எழுதுவது எளிதன்று. கயிறு முடிவதும் மேல்தளம் தேய்த்துக் கழுவுவதும்கூட அதிகாரியாகப் போகிறவருக்கு விலக்கல்ல.

இவ்வாறு 17 ஆண்டுகள் கடந்தன. 2012ஆம் ஆண்டு மே மாதம் கிருஷ்ணா ஓய்வு பெற்றது. ஓய்வுபெறும் கப்பலில் சூரியன் மறையும் வேளையில் கடற்படைக் கொடியை இறுதியாக இறக்குவது மரபு. அன்று 40 வயதைத் தாண்டியிருந்த அக்கப்பலில் பயின்றோர் அப்போது வேறு கப்பல்களில், வேறு கடல்களில் இருந்தனர்.

சொற்பொருள்
கலம் – கப்பல். காயல் – கடலோடு இணைந்த உப்பங்கழி. எள்ளுதல் – இகழ்தல். மாலுமி – கப்பலில் பணிபுரிபவர்.

வினாக்கள்
1. ஆந்த்ரோமெடா, கிருஷ்ணா ஆகிய பெயர்கள் எவற்றைக் குறிக்கின்றன?
2. ‘பல் பிடுங்கிய பாம்பு’ என்னும் உவமை கிருஷ்ணாவுக்குப் பொருந்தாது என்பது ஏன்? உம் கருத்து என்ன?
3. நாவாய், வங்கம், தோணி ஆகிய சொற்களின் பொருளை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.