கடைக்கு வாராத திரை

உழவர் விதைத்த நெல்மணிகள் அனைத்தும் கதிராகிக் களத்தை அடைவதில்லை. சில முளையிலேயே கருகுகின்றன. சில பால் பிடிக்கும் பருவத்தில் பூச்சிக்கு இரையாகின்றன. இன்னும் சில, நன்கு முற்றி விளைந்த பின்னரும், அறுவடை நாளில் பெய்த மழையால் வீணாகின்றன. விஞ்ஞானிகள் தம் ஆய்வுக்கூடங்களில் விதைக்கும் புதுமைகளின் நிலையும் இதுவே. வெற்றி பெற்ற கண்டுபிடிப்புகளின் வரலாற்றை நாம் பன்முறை படித்திருக்கிறோம். விளைந்தும் வீடு வந்து சேராத ஒரு கண்டுபிடிப்பின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

தொலைக்காட்சிப் பெட்டி முதலில் தோன்றிய காலந்தொட்டு, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அதன் உயிர்நிலையாக விளங்கியது ஒரு கண்ணாடிக் குழாய். செருமானிய விஞ்ஞானியாகிய கார்ல் பெர்டினாண்டு பிரௌன் என்பார் 1897-ஆம் ஆண்டில் அமைத்த குழாயே அதற்கு மூலம். காற்று நீக்கப்பெற்ற அக்குழாயின் பின்முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் கற்றையாகப் புறப்பட்டு, முன்புறக் கண்ணாடியின் உட்பக்கத்தில் தடவப்பட்டுள்ள ஒளிர்பூச்சின்மேல் மோதும். மோதிய இடம் ஒளிரும். அக்கற்றையை மேலும் கீழும் இடமும் வலமுமாக மிக விரைவில் அசைத்துத் திரை முழுவதும் படம் வரைந்தனர். தமிழக அரசு 2006-ஆம் ஆண்டு முதல் குடும்பங்களுக்கு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளும் இத்தகைய குழாய் உடையனவே. உங்கள் வீட்டுப் பரணில் அவற்றுள் ஒன்று இன்றும் இருக்கலாம்.

குழாயின் படம் கண்ணுக்கு இனியது. வண்ணங்கள் இயற்கையாகத் தோன்றும். இருளான பகுதி மெய்யாகவே இருண்டிருக்கும். விரைந்தோடும் பொருள்களும் தெளிவாகத் தெரியும். ஆயினும் ஒரு பெருங்குறை அதனிடம் இருந்தது. கற்றை ஒரே இடத்திலிருந்து புறப்பட்டுத் திரையின் மூலைமுடுக்குகளை எல்லாம் எட்ட வேண்டியிருந்தது. ஆதலால் திரை அகன்றால் குழாயின் நீளமும் மிகுந்தாக வேண்டும். உள்ளே வெற்றிடம் இருத்தலின், வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாங்கக் கண்ணாடியும் தடித்தாக வேண்டும். 36 அங்குலத் திரையுடைய பெட்டி ஏறத்தாழ 100 கிலோகிராம் எடை உடையதாயிற்று. அதனைத் தூக்க நால்வர் வேண்டும். சுவரில் ஓவியம் போலத் தொங்கும் தொலைக்காட்சி என்பது நெடுநாள் கனவாகவே இருந்து வந்தது.

அக்கனவை நனவாக்க இரண்டு முறைகள் முன்வந்தன. ஒன்று, 1964-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்த பிளாஸ்மாத் திரை. மற்றொன்று திரவப் படிகத் திரை. பின்னதன் வேர் இன்னும் பழமையானது. 1888-ஆம் ஆண்டில் பிராகு நகரில் ரைனிட்சர் என்னும் தாவர இயல் அறிஞர் ஒரு பொருளை உருக்கியபோது, அது முதலில் கலங்கலான நீர்மமாகவும் பின்னர்த் தெளிந்த நீர்மமாகவும் இருமுறை மாறியதைக் கண்டு வியந்தார். அதுவே திரவப் படிகத்தின் முதல் தோற்றம். அவ்வியப்பிலிருந்து திரை பிறக்க எண்பது ஆண்டுகள் சென்றன.

தட்டையாய் இருந்தபோதிலும் இவ்விரண்டும் குழாயின் அழகை எட்டவில்லை. திரவப் படிகத் திரையில் பின்புறம் ஒரு விளக்கு எப்பொழுதும் எரிந்துகொண்டிருக்கும். படிகங்கள் கதவுகளைப் போலத் திறந்தும் மூடியும் அவ்வொளியை விடும் அல்லது தடுக்கும். கதவு முற்றும் மூடாமையால் கரிய இரவுக் காட்சி சாம்பல் நிறமாகத் தோன்றிற்று. படிகங்கள் விரைந்து திரும்பாமையால், பறந்து செல்லும் பந்து வால் முளைத்தது போலக் காணப்பட்டது. பிளாஸ்மாவோ மின்சாரத்தை மிகுதியாக உண்டது, வெப்பத்தையும் உமிழ்ந்தது. எனவே, 'குழாயின் அழகும் ஓவியத்தின் தட்டையும் ஒருங்கே பெற்ற திரை எப்பொழுது வரும்?' என்று மக்கள் ஏங்கினர்.

அவ்வேக்கத்துக்கு விடையாகத் தோன்றியதே எஸ்.இ.டி. என்னும் திரை. நிழற்படக் கருவிகளுக்குப் பேர்பெற்ற சப்பானியக் கேனன் நிறுவனத்தார் 1986-ஆம் ஆண்டில் இதற்கான ஆராய்ச்சியைத் தொடங்கினர். அவர்களுடைய கருத்து எளியது. ஆனால் துணிவு மிக்கது. ஒரே துப்பாக்கியிலிருந்து திரை முழுவதையும் எட்டுவதற்கு மாறாக, ஒவ்வொரு படப்புள்ளிக்கும் தனித்தனியே ஓர் எலெக்ட்ரான் ஊற்றை வைத்துவிட்டால் நீண்ட குழாய் எதற்கு? பெருங்கோயில் முழுவதற்கும் ஒளி தர உச்சியில் ஒரு பெருவிளக்கு ஏற்றலாம். அன்றித் தூண்தோறும் ஒரு சிற்றகல் ஏற்றலாம். கேனன் அறிஞர் அகல்விளக்கின் வழியைத் தேர்ந்தனர்.

அவ்வகல் எங்ஙனம் அமைந்தது? இரண்டு கண்ணாடித் தகடுகள் சிறிது இடைவெளியில் எதிரெதிரே நிறுத்தப்பட்டன. இடையிலிருந்த காற்று நீக்கப்பட்டது. பின்தகட்டில், பல்லேடியம் ஆக்சைடு என்னும் பொருளாலான மெல்லிய படலத்தை, அச்சுப்பொறி மை தெளிப்பது போலவே புள்ளிபுள்ளியாகத் தெளித்தனர். அப்படலத்தின் நடுவே சில நானோமீட்டர் அகலமே உள்ள ஒரு பிளவு உண்டாக்கப்பட்டது. ஒரு தாளின் கனம் ஏறத்தாழ 1,00,000 நானோமீட்டர் என்றால், அப்பிளவின் நுண்மையை நீங்களே உணரலாம். பிளவின் இருகரைக்கும் இடையே சிறிதளவு மின்னழுத்தம் தந்தவுடன் எலெக்ட்ரான்கள் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தாவும். அவ்வாறு தாவுவனவற்றுள் ஒரு பகுதியை, முன்தகட்டில் உள்ள ஏறத்தாழ 10,000 வோல்ட்டு மின்னழுத்தம் தன்பால் ஈர்க்கும். அவை ஒளிர்பூச்சில் மோதும், புள்ளி ஒளிரும். குழாயில் நிகழ்ந்த அதே செயல் சில சென்டிமீட்டர் கனத்துக்குள் நிகழ்ந்துவிட்டது!

1999-ஆம் ஆண்டில் தோஷிபா நிறுவனத்தாரும் இம்முயற்சியில் கேனனுடன் கைகோத்தனர். 2004-ஆம் ஆண்டு அக்டோபரில் இருவரும் கூடி இதற்கெனத் தனி நிறுவனம் ஒன்றை நிறுவினர். அவ்வாண்டே டோக்கியோவை அடுத்த மக்குஹாரியில் நடந்த கண்காட்சியில் 36 அங்குலத் திரை மக்கள்முன் வைக்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டுக் கண்காட்சியில் 55 அங்குலத் திரை வந்தது. இருட்டறையில் அமர்ந்து கண்டவர்கள் அதன் ஆழ்ந்த கருமையையும் வண்ணப் பொலிவையும் போற்றினர். வருங்காலத் தொலைக்காட்சி இதுவே என்று பலரும் எழுதினர்.

இங்கேதான் காத்திருப்பு என்னும் சோதனை தொடங்கிற்று. வீட்டிலிருந்த பழைய பெட்டி பழுதுற்றது. புதியது வாங்க வேண்டும். கடையில் இருப்பதோ குறையுள்ள திரை. ஓராண்டு பொறுத்தால் குறையற்ற திரை கிடைக்கும் என்கிறது செய்தித்தாள். இன்றே வாங்குவதா, பொறுப்பதா? பொறுத்தவர்களுக்கு நேர்ந்தது யாது? 2005-ஆம் ஆண்டிலேயே உற்பத்தி தொடங்கும் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் 2006 என்றனர். 2006-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், 2007-ஆம் ஆண்டின் இறுதிக்கு என்றனர். 2007-ஆம் ஆண்டு மே திங்களில், நாள் குறிப்பிடாமலே தள்ளிவைத்தனர். நாளை நாளை என்ற சொல் ஆண்டு ஆண்டாக நீண்டது.

இத்தாமதத்துக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, செய்முறையின் அருமை. 1920க்கு 1080 என்னும் அளவுடைய திரையில், புள்ளிக்கு மூன்று வண்ணமாக, 62,20,800 ஊற்றுகள் வேண்டும். பத்தாயிரத்துக்கு ஒன்று பழுதானாலும் திரையில் 622 புள்ளிகள் குருடாகிவிடும். ஆய்வுக்கூடத்தில் வல்லுநர் பலர் கூடி ஒரு திரையைக் குறைவறச் செய்வது வேறு. தொழிற்சாலையில் நாள்தோறும் ஆயிரக்கணக்கில், மலிவாக, ஒன்றுபோல் ஒன்றைச் செய்வது வேறு. முன்னது கலை, பின்னது தொழில். இரண்டுக்கும் இடையே உள்ள ஆற்றைக் கடக்கும்போதே பல கண்டுபிடிப்புகள் மூழ்கிப்போகின்றன.

இரண்டாவது, வழக்கு. அமெரிக்க நாட்டு நானோ-புரொப்ரைட்டரி என்னும் நிறுவனம் 1999-ஆம் ஆண்டில் தன் காப்புரிமைகளைப் பயன்படுத்திக்கொள்ளக் கேனனுக்கு இசைவு தந்திருந்தது. தோஷிபாவும் பங்குகொண்ட கூட்டு நிறுவனத்துக்கு அவ்விசைவு செல்லாது என்று அது 2005-ஆம் ஆண்டில் நீதிமன்றம் ஏறிற்று. 2007-ஆம் ஆண்டு சனவரியில் தோஷிபாவின் பங்குகள் அனைத்தையும் கேனனே வாங்கிக்கொண்டது; வழக்கு அதனாலும் தீரவில்லை. 2008-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேனனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நல்லதே, ஆனால் அதற்குள் மூன்றாண்டுகள் கரைந்துவிட்டன.

மூன்றாவது காரணம் ஏனைய இரண்டினும் வலியது. பிறர் இவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. திரவப் படிகத் திரைக்காரர் பெரும்பெரும் ஆலைகளை எழுப்பினர், ஆண்டுதோறும் விலையைக் குறைத்தனர், கருமையைக் கூட்டினர், படிகத்தின் வேகத்தைப் பெருக்கினர். 2008-ஆம் ஆண்டில் உலகெங்கும் அவற்றின் விற்பனை கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகளின் விற்பனையை விஞ்சிற்று. ஆறின கஞ்சி பழங்கஞ்சி அன்றோ? எஸ்.இ.டி. ஆறிக்கொண்டிருந்தபோது அண்டை வீட்டு அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் பெரிதாய்த் தோன்றிய அழகின் வேறுபாடு சிறுத்தது. சிறிதாய்த் தோன்றிய விலையின் வேறுபாடு பெருத்தது.

2010-ஆம் ஆண்டு மே திங்களில், வீட்டுத் தொலைக்காட்சிக்கான எஸ்.இ.டி. முயற்சியை நிறுத்துவதாகக் கேனன் அறிவித்தது. ஆகஸ்டில், கூட்டாகத் தொடங்கிய அந்நிறுவனத்தையே கலைக்க முடிவு செய்தது. 1986 முதல் 2010 வரை இருபத்து நான்கு ஆண்டுகள்! முதல் நாளில் இளைஞராய்ச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் நடுவயதை அடையும் காலம் அது. அவ்வுழைப்பின் பயனாகிய திரை ஒரு கடையிலேனும் விலைக்கு வரவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

அவ்வாறாயின் நெடுங்காலம் உழைப்பதே வீண் என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. மற்றொரு திரையின் வரலாற்றை நோக்குங்கள். கரிமச் சேர்மங்களால் ஆன மெல்லிய படலம் சிறு மின்னழுத்தத்தில் நன்கு ஒளிர்வதை 1987-ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த டாங், வான் ஸ்லைக் ஆகிய இருவரும் வெளியிட்டனர். அதுவே ஓ.எல்.இ.டி. திரையின் தொடக்கம். அதற்கும் இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே, 2007-ஆம் ஆண்டில், 11 அங்குலமே உள்ள முதல் தொலைக்காட்சியைச் சோனி நிறுவனம் விற்றது. விலை 2,00,000 யென். 55 அங்குலத் திரையை எல்.ஜி. நிறுவனம் கொரியாவில் விற்கத் தொடங்கியது 2013-ஆம் ஆண்டில். இக்காத்திருப்பு எஸ்.இ.டி.யின் காத்திருப்பினும் நீண்டது. ஆயினும் இது வீடு வந்து சேர்ந்தது.

ஒத்த காலத்தில் தோன்றிய இரண்டனுள் ஒன்று வாழ, ஒன்று வீழ்ந்தது ஏன்? ஓ.எல்.இ.டி. முதலில் காரின் வானொலிப் பெட்டியில் ஒரு சிறு முகப்பாக நுழைந்தது; பின்னர்க் கைப்பேசியின் திரையாயிற்று. சிறிய பொருளில் சிறிது ஈட்டி, செய்யச் செய்யக் கற்று, கற்றதைக் கொண்டு பெரிதாக வளர்ந்தது. திரவப் படிகமும் அங்ஙனமே. 1973-ஆம் ஆண்டில் அது ஷார்ப் நிறுவனத்தின் கணக்கிடும் கருவியில் சில எண்களை மட்டும் காட்டிற்று. 1988-ஆம் ஆண்டில்தான் 14 அங்குலத் தொலைக்காட்சித் திரையை எட்டிற்று. எஸ்.இ.டி.யோ இடைப்படிகளில் கால் வையாது மேல்மாடத்துக்கே தாவ முயன்றது. இடையில் வருவாய் தரும் சிறுபடி ஒன்றும் அதற்கு வாய்க்கவில்லை.

மாணவர்களே! இன்றும் புதிய திரைகளைப் பற்றிய செய்திகள் வந்தவண்ணம் உள்ளன. நுண்ணிய விளக்குகளை இலட்சக்கணக்கில் அடுக்கும் மைக்ரோ எல்.இ.டி. திரை பெருஞ்செல்வர்க்கே எட்டும் விலையில் நிற்கிறது. இத்தகைய செய்தியைப் படிக்கும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள்: கண்காட்சியில் ஒன்று வைத்தார்களா, ஆலையில் ஆயிரம் செய்தார்களா? அதன் விலை என்ன? அது வளரும் காலத்தில் பிறர் எவ்வளவு வளர்வர்? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை, தேவையுள்ளவர் இருப்பதை வாங்கிப் பயன் கொள்வதே அறிவுடைமை. நாளைய விருந்தை நம்பி இன்றைய உணவை ஒதுக்குவார் உண்டோ?

ஆனால் ஆராய்வோர்க்கு இவ்வறிவுரை முழுதும் பொருந்தாது. கிட்டுமோ கிட்டாதோ என்னும் ஐயத்தினூடே இருபது ஆண்டுகள் உழைக்கத் துணிபவர் இல்லையேல், கிட்டியவையும் கிட்டியிரா. ஓ.எல்.இ.டி.க்கு உழைத்தோரும் எஸ்.இ.டி.க்கு உழைத்தோரும் தொடக்க நாளில் ஒரே இருளில்தான் நடந்தனர். எவர் வழி ஊர் சேரும் என்பதை அன்று எவரும் அறியார். ஊர் சேராத வழியில் நடந்தவரின் பெயரை உலகம் மறந்துவிடுகிறது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் மெல்லிய திரையைக் காணுந்தோறும், அதனைச் செய்தவரை மட்டுமன்றி, அதனினும் அழகியதைச் செய்ய முயன்று தோற்றவரையும் ஒருகணம் நினைப்பது நம் கடமையாகும்.