கால் மருத்துவருக்கு லைசன்ஸ் எங்கே வாங்குவது?

தைப்பூசத்தன்று மதியம், பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் ஒரு பந்தல் நிழலில் உட்கார்ந்திருந்தோம். 513 படி ஏறி இறங்கி வந்த என் மாமா காலை நீட்டிக் காட்டினார். தார்ச்சாலைச் சூட்டில் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். ஒன்று உடைந்து தோல் சுருண்டு கிடந்தது. "வலிக்கவே இல்லப்பா, முருகன் பார்த்துக்கிட்டான்" என்றார். பதினைந்து வருஷமாக இனிப்பு நீர் உள்ளவர். ஆறாம் படிவத்தில் படிக்கும் என் தம்பி மகள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்: "காலுக்குன்னே படிச்சவங்க இருக்காங்களாமே பெரியப்பா. அதுக்கு லைசன்ஸ் எங்க வாங்கணும்?"

அவளுக்காக விசாரித்தது இது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். வேலைக்குப் பஞ்சம் இருக்காது, காலை மரத்துப்போகச் செய்யும் நீரிழிவு இங்கே அவ்வளவு பேருக்கு. மலேசியாவின் 2019 சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2023 ஆய்வில் அது 15.6. இரண்டு முறையும் இந்தியர்களிடம்தான் அதிகம்.

முதலில் ஏமாற்றமான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் அந்த லைசன்ஸை வாங்க முடியாது, ஏனென்றால் கொடுப்பதற்கு ஆள் இல்லை. துணை மருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது சட்டம் 774, 2020 ஜூலை 1-இல் நடப்புக்கு வந்தது. அதன் இரண்டாம் அட்டவணையில் 23 தொழில்கள் இடம்பெற்றன. பிசியோதெரபி உண்டு, டயட்டீஷியன் உண்டு, பொதுச் சுகாதாரப் பூச்சியியலாளர்கூட உண்டு. போடியாட்ரி, அதாவது பாத மருத்துவம், அதில் இல்லை. அட்டவணையைத் திருத்த முடியும் என்பதால், படிப்பில் சேரும் மாதத்தில் ஒருமுறை, ஊர் திரும்பும் மாதத்தில் ஒருமுறை துணை மருத்துவத் தொழில் மன்றத்தின் இணையதளத்தில் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

ஆக, இரண்டு வழி.

ஒன்று, உள்ளூரிலேயே பிசியோதெரபி படித்துக் கால் பக்கம் கவனத்தைத் திருப்புவது. மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் உள்ள பட்டமா என்று பார்த்துச் சேர வேண்டும். முடித்ததும் மன்றத்தில் பெயரைப் பதிந்து, தொழில் நடத்தும் சான்றிதழைத் தனியே வாங்க வேண்டும். இவை இரண்டும் வேறு வேறு தாள்கள். பெயர் பதிவில் இருந்தும் சான்றிதழ் காலாவதியாகியிருந்தால் நோயாளியைத் தொடக் கூடாது. இந்த வழியில் செலவு குறைவு, சட்டப் பாதுகாப்பும் உண்டு. குடும்பத்தில் பணம் இறுக்கமாக இருந்தால் இதைத்தான் நான் சொல்வேன்.

மற்றொன்று, வெளிநாட்டில் பாத மருத்துவமே படித்து அந்த நாட்டின் லைசன்ஸை எடுப்பது. அமெரிக்காவில் இது நான்கு வருட டாக்டர் பட்டம், அதற்கு மேல் மூன்று வருடம் மருத்துவமனைப் பயிற்சி, பல கட்டத் தேசியத் தேர்வு. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாநிலமும் தன் லைசன்ஸைத் தானே தரும். நம் பிள்ளைகளுக்குக் கைக்கு எட்டுவது பெரும்பாலும் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும்தான்.

பணம் கட்டுவதற்கு முன்

பிரிட்டனில் போடியாட்ரிஸ்ட், கைரோபோடிஸ்ட் என்ற இரண்டு பெயர்களும் சட்டப் பாதுகாப்பு உள்ளவை. எச்.சி.பி.சி. என்ற மன்றத்தின் பதிவேட்டில் இல்லாதவர் அவற்றைப் போட்டுக்கொண்டால் குற்றம். எனவே கல்லூரி தரும் பளபளப்பான கையேட்டை ஓரமாக வையுங்கள். எச்.சி.பி.சி. இணையதளத்தில் அங்கீகரித்த படிப்புகளின் பட்டியல் இருக்கிறது. நீங்கள் சேரப்போகும் படிப்பு அதே பெயரில் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. 'ஃபுட் ஹெல்த் பிராக்டிஷனர்' என்ற பெயரில் குறுகிய காலப் படிப்புகள் விற்கிறார்கள். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும், கட்டணம் மலிவு, வீட்டிலிருந்தே பெரும்பகுதி படித்துவிடலாம். அந்தப் பட்டயத்தை வைத்து எச்.சி.பி.சி. பதிவு கிடைக்காது.

ஆஸ்திரேலியாவில் இதே வேலையைப் போடியாட்ரி வாரியம் செய்கிறது. விண்ணப்பம் ஆப்ரா என்ற தேசிய அமைப்பின் வழியாகப் போகும். 2010-க்கு முன் அங்கேயும் மாநிலத்துக்கு ஒரு பதிவுதான். இப்போது நாடு முழுதுக்கும் ஒன்று.

பெயர்தான் பெரிய தலைவலி

விண்ணப்பம் என்றதும் பரீட்சை, நேர்காணல் என்று பயப்படுகிறோம். நம்மவர்களை உண்மையில் இழுத்தடிப்பது பெயர். மலேசிய அடையாள அட்டையில் ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்) போட்டு அப்பா பெயர் இருக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கணினி அந்தச் சாய்கோட்டை ஏற்காது. பட்டத்தில் ஏ/பி காணாமல் போய், அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். வங்கி அட்டையில் வேறொரு வரிசை. பதிவு மன்றத்தில் கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு இவை மூன்று ஆட்கள்.

முதல் வருடச் சேர்க்கையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி, பட்டத்தில் பெயர் எப்படி வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே பிசகியிருந்தால் 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு சத்தியப் பிரமாணம் எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வடிவங்களையும் எழுத்துக்கு எழுத்து அதில் காட்டி, 'இவை அனைத்தும் என்னையே குறிக்கும்' என்று இருக்க வேண்டும். நகலுக்கு ஆணையர் முத்திரை போதுமா, நோட்டரி வேண்டுமா என்பதை அந்த மன்றத்திடமே கேளுங்கள். பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்காதீர்கள், அவர் விண்ணப்பித்தது வேறொரு தொழிலுக்கு.

பதிவு மன்றம் காவல் பதிவு பற்றியும் விசாரிக்கலாம். மலேசியாவில் நன்னடத்தைச் சான்றிதழ் வெளியுறவு அமைச்சின் தூதரகப் பிரிவிலிருந்து வர வேண்டும், இணையத்தில் விண்ணப்பிக்கலாம். முன்கூட்டியே வாங்கிவைத்தால் பழையதாகிவிடும், கடைசியில் ஓடினால் தாமதம். படிப்பின் இறுதிப் பருவம் சரியான நேரம்.

பிரிட்டனில் அங்கீகரித்த படிப்பை முடித்தவர்களின் பட்டியலைப் பல்கலைக்கழகமே மன்றத்துக்கு அனுப்பும். நீங்கள் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் போதும். புதிதாகத் தேறியவருக்கு முதல் இரண்டு வருடம் பாதிக் கட்டணம். ஆஸ்திரேலியாவில் படிப்பு முடிய சில வாரம் இருக்கும்போதே விண்ணப்பத்தை உள்ளே தள்ளிவிடலாம். அங்கே தொழில்முறைக் காப்புறுதியும் கட்டாயம்.

வாங்கிய பிறகு

எனக்குத் தெரிந்த ஒரு பையன் பதிவு வாங்கி இரண்டாம் வருடமே அதை இழந்தான். புதுப்பிப்பு நினைவூட்டல்கள் எல்லாம் பழைய பல்கலைக்கழக மின்னஞ்சலுக்குப் போயிருக்கின்றன. படிப்பு முடிந்ததும் அந்த முகவரியை மூடிவிட்டார்கள். அதனால் பட்டம் வாங்குவதற்கு முன்பே சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றிவிடுங்கள். வீட்டு முகவரி மாறினாலும் தெரிவியுங்கள்.

தேதிகளைச் சமையலறையில் தொங்கும் நாட்காட்டியில் குறியுங்கள். ஆஸ்திரேலியப் பதிவு ஒவ்வொரு வருடமும் நவம்பர் 30-இல் முடியும். விட்டால் தாமதக் கட்டணத்தோடு இன்னும் ஒரு மாதம். அதற்குப் பிறகு பெயர் பதிவேட்டிலிருந்து போய்விடும், மறுபடி முதலிலிருந்து. பிரிட்டனில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பாத மருத்துவர்களுக்கு இரட்டைப்படை ஆண்டின் ஜூலை 31.

தொடர்கல்வியில் இரண்டு நாட்டுக்கும் குணம் வேறு. ஆஸ்திரேலியா மணிக்கணக்குப் பார்க்கும்: வருடத்துக்கு 20 மணி நேரம், அதில் 5 மணி நேரமாவது பிறரோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும். அதோடு, பொதுவாகக் கடந்த மூன்று வருடத்தில் 450 மணி நேரம் தொழில் செய்திருக்க வேண்டும். பிரிட்டனில் மணிக்கணக்கே கிடையாது. சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். புதுப்பிப்பவர்களில் 2.5 விழுக்காட்டினரைக் குலுக்கல்போல் எடுத்து, என்ன கற்றாய், அதனால் நோயாளிக்கு என்ன கிடைத்தது என்று எழுதிக் காட்டச் சொல்வார்கள். அன்றைக்கு உட்கார்ந்து இரண்டு வருடத்தை நினைவுகூர முடியாது.

'நீரிழிவுப் பாதம் பற்றிய பயிலரங்கில் கலந்துகொண்டேன்' என்ற குறிப்பால் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: '10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைக் காய்ப்பு உள்ள இடத்தில் வைத்துச் சோதித்து வந்தேன். அங்கே தோல் தடித்திருப்பதால் உணர்வு இருந்தும் இல்லை என்று வரும் என்று பயிலரங்கில் தெரிந்துகொண்டேன். இப்போது காய்ப்பைத் தவிர்த்துப் பக்கத்தில் வைக்கிறேன்.' நான்கு வரிதான். மாதம் ஒன்று எழுதினால் போதும். என் மாமாவின் உள்ளங்காலில் அப்படி ஓர் இழையை எப்போதோ வைத்துப் பார்த்திருந்தால், வெயிலில் வெறுங்காலோடு நடக்க விட்டிருக்க மாட்டோம்.

பிரசவம், பெற்றோர் உடல்நலம் என்று இடைவெளி விழலாம். பிரிட்டனில் இரண்டு வருடத்துக்கு மேல் ஐந்து வருடத்துக்குள் விலகியிருந்தால் 30 நாள் அறிவைப் புதுப்பித்துக்கொண்ட பின்பே திரும்ப முடியும்; ஐந்தைத் தாண்டினால் 60 நாள். ஒரு நாட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது, உங்கள் மேல் புகார் எதுவும் இல்லை என்ற நிலைச் சான்றிதழைப் பழைய மன்றம் புதிய மன்றத்துக்கு நேராக அனுப்ப வேண்டும். பதிவு உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பினாங்கு திரும்பினால்

வெளிநாட்டுப் பதிவு இங்கே சட்டப்படி எந்த உரிமையும் தராது. ஆனால் மருத்துவமனையின் காயப் பராமரிப்புப் பிரிவில் வேலை கேட்கும்போது உங்கள் தகுதிக்கு வேறென்ன அத்தாட்சி? இணையப் பதிவேட்டில் யாரும் உங்கள் பெயரைத் தேடிப் பார்க்க முடியும். அதற்காகவே பலர் கட்டணம் கட்டிக் காப்பாற்றி வருகிறார்கள்.

சொந்தமாகக் கடை போடுவதானால், தொடங்கி 30 நாளுக்குள் வணிகப் பதிவு. இடத்துக்கும் விளம்பரப் பலகைக்கும் மாநகராட்சி லைசன்ஸ். பலகையில் 'டாக்டர்' வேண்டாம். 'கிளினிக்' என்று எழுதும் முன், தனியார் மருத்துவ நிலையங்களுக்கான சட்டம் 586 பற்றிச் சுகாதார இலாகாவில் கேளுங்கள். நீரிழிவைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டமே தடுக்கிறது. லண்டனில் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட அனுமதி இருந்தவர்கூட இங்கே விஷப்பொருள் சட்டத்தை நினைத்துக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். உள்ளே வளைந்து வளர்ந்த நகத்தை வேரோடு எடுக்க வேண்டுமென்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள். கால் ஆணி சீவிய பிளேடு குப்பைத்தொட்டிக்குப் போகக் கூடாது. அது எஸ்.டபிள்யூ. 404 என்ற எண்ணில் வரும் மருத்துவக் கழிவு; உரிமம் பெற்ற நிறுவனம் வந்து எடுத்துப்போக வேண்டும்.

மாமாவின் கால் ஆற ஆறு வாரம் ஆனது. தம்பி மகள் ஒரு நீலக் கோப்பு வாங்கியிருக்கிறாள். உள்ளே இப்போதைக்கு ஒரே தாள், அடையாள அட்டையின் நகல். ஏ/பி-யைச் சுற்றி சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.