கலாசாலையைத் தெரிந்தெடுத்தல்

பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய மாணாக்கர்க்கு, எக்கலாசாலையில் சேர்வது என்னும் வினா உடனே எழுகின்றது. பலர் பெயரை மட்டுமே கேட்டு முடிவு செய்துவிடுகின்றனர். இடத்தையும் அளவையும் ஆராய்வார் சிலரே. இவ்வினாவை அனுப்பம்பட்டிலிருந்து நோக்குவோமாக.

அனுப்பம்பட்டு, மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையேயுள்ள ரயில் நிலையம். அதற்கப்பால் பழவேற்காட்டு ஏரியும் மீனவர் குப்பங்களும் உள்ளன. அவ்வேரியில் வலையிடும் இடத்தையும் முறையையும் வகுக்கும் வழக்கத்திற்குப் 'பாடு' என்று பெயர். இன்னார்க்கு இன்ன இடமென்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்ப்பதுண்டு. ஏரிக்கு அது நியாயமான முறை. கல்வியையோ சீட்டிற்கு விடலாகாது.

இவ்வூர் மாணாக்கர்க்கு அடுத்த நிலையமாகிய பொன்னேரியிலேயே அரசினர் கலைக் கல்லூரி உண்டு. வீட்டிலிருந்தே பயிலலாம், மாலையில் தந்தையார்க்குத் துணை நிற்கலாம். தாம்பரத்துச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை நாடுவோர் சென்ட்ரலில் இறங்கி, பூங்கா நிலையத்தில் மறுவண்டி ஏறவேண்டும். போக வர நான்கு மணி நேரத்திற்குக் குறையாது. விழித்திருக்கும் பொழுதில் கால்பங்கு வண்டியிலேயே கழிந்தால் நூலுக்கு எஞ்சுவது யாது?

இவ்வினா ஒருகாலத்தில் அக்கல்லூரிக்கே நேர்ந்தது. 1837இல் ஜான் ஆண்டர்சன் நகரில் தொடங்கிய பாடசாலையினின்று வளர்ந்த அது, நூறாண்டு நகரிலேயே இருந்தபின், 1937இல் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. நகரில் மணியடித்தவுடன் ஆசிரியரும் மாணாக்கரும் பிரிந்து செல்வர். தாம்பரத்திலோ விடுதிகளில் கூடி வாழும் வாழ்க்கைக்கு இடமிருந்தது. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை 1931 முதல் மின்சார ரயில் ஓடியமையால் நகரின் தொடர்பும் அறவில்லை. ஆயினும், வீட்டிலிருந்து நடந்தே வந்து பயின்ற நகரத்து மாணாக்கர்க்கு அம்மாற்றம் செலவை மிகுவித்தது என்பதையும் மறத்தலாகாது. எவ்விடத்தைத் தேர்ந்தாலும் ஒருசாரார்க்கு அணிமையும் மற்றொரு சாரார்க்குச் சேய்மையும் உண்டாதல் இயல்பே.

இன்று அக்கல்லூரி பெரியது. எனினும் சேலையூர், புனித தாமஸ், பிஷப் ஹீபர் என்னும் விடுதிகள், பெரியதனுள் சிறிய குடும்பங்களைப் போல்வன. சிறிய கலாசாலையின் பயன் தொகைக் குறைவன்று. நம் பெயரையும் நம் பிழையையும் அறிந்த ஆசிரியர் ஒருவரேனும் இருத்தலே. இலக்கியமும் வரலாறும் தத்துவமும் வகுப்பில் கேட்டமட்டில் நிறைவதில்லை. வகுப்பிற்குப் பின்னரும் வினவி வாதித்தே முதிர்கின்றன.

ஆகலின் நாம் கூறுவது இது. குடும்பத்திற்கு உங்கள் கை வேண்டுமாயின் பொன்னேரியில் சேருங்கள். அதனைத் தாழ்வென்று எண்ணாது, அங்குள்ள நூலகத்தையும் ஆசிரியரையும் முற்றும் பயன்படுத்துங்கள். உதவிப்பணம் கிடைத்து விடுதிச் செலவு கைகூடுமாயின் தாம்பரத்திலேயே தங்குங்கள். பெயருக்காகத் தொலைவில் சேர்ந்து, நாள்தோறும் வண்டியில் அலைதலே மூன்றாவதும் தீயதுமான வழி.

முடிவு செய்யுமுன், ஒருநாள் மாலை வகுப்புகள் கலைந்தபின் அக்கலாசாலைக்குச் சென்று பாருங்கள். மரத்தடியில் ஆசிரியரொருவர் நாலைந்து மாணாக்கரோடு இன்னும் பேசிக்கொண்டிருப்பாராயின், அதனினும் சிறந்த நற்சான்று வேண்டுவதில்லை.