கொசைன் சமன்பாட்டின் கலப்பெண் தீர்வுகளும் துருவப் பகற்பொழுதும்

ஓரிடத்தின் அட்சரேகை அ, சூரியனின் கிராந்தி கி, சூரியன் மறையும்போது அதன் மணிக்கோணம் ம எனக் கொண்டால்,

கொசைன் ம = − (டேன்ஜென்ட் அ × டேன்ஜென்ட் கி)

ஆகும். வடதிசைக் கோணங்கள் நேர்க்குறியும் தென்திசைக் கோணங்கள் எதிர்க்குறியும் பெறும். பாகையில் அமைந்த ம-வை இரட்டித்து 15-ஆல் வகுத்தால், பகற்பொழுது மணிக்கணக்கில் கிடைக்கும்.

டில்லியில் (அ = 28.6°) ஜூன் அயன நாளில் (கி = 23.44°) கொசைன் ம = −0.2364; ம = 103.67°. வளிமண்டல ஒளிவிலகலையும் சூரிய வட்டின் அளவையும் விடுத்தால், பகல் சுமார் 13 மணி 49 நிமிடமாகும்.

அந்தாட்டிக்காவில் இந்தியா 1989-இல் நிறுவிய மைத்ரி நிலையத்திற்கு (அ = −70.77°) இதே கணக்கைச் செய்வோம். கொசைன் ம, டிசம்பர் அயன நாளில் −1.243 எனவும் ஜூன் அயன நாளில் +1.243 எனவும் வருகின்றது. மெய்யெண் கோணம் எதற்கும் கொசைன் இம்மதிப்புகளை அடையாது. எனவே “விடை இல்லை” என்று இரு நாட்களுக்கும் எழுதிவிட்டால், முழுப்பகலும் முழு இரவும் அட்டவணையில் வேறுபாடின்றிப் போய்விடும்.

ம = ப + ஐ த என்னும் கலப்பெண்ணாகக் கொள்க; ஐ² = −1; த ரேடியனில் அமையும். அப்போது

கொசைன் ம = கொசைன் ப × கோஷ் த − ஐ × சைன் ப × சின்ஷ் த

கோஷ், சின்ஷ் என்பன அதிபரவளையக் கொசைனும் சைனும் ஆகும். கொசைன் ம மெய்யெண்ணாதலால் கற்பனைப் பகுதி சுழியாக வேண்டும். த = 0 எனில் கோணம் மெய்யெண்ணாகிவிடும்; அது இங்குப் பொருந்தாது. ஆகவே சைன் ப = 0; முழுச் சுற்றுகளை நீக்கினால் ப = 0° அல்லது 180°.

கோஷ் த ஒருபோதும் 1-க்குக் குறையாது. ஆதலின் குறியைத் தீர்மானிப்பது கொசைன் ப மட்டுமே. டிசம்பரில் ப = 180°; ஜூனில் ப = 0°. இரண்டிலும் கோஷ் த = 1.243; த = ±0.684.

மெய்ப்பகுதியை மட்டும் முன்னைய விதியில் இட்டால், டிசம்பரில் பகல் 24 மணி, ஜூனில் சுழி. இவ்விடை இயற்கையோடு ஒத்துள்ளது. டிசம்பர் நள்ளிரவில் சூரியன் அடிவானத்திற்கு 4.2° மேலும், ஜூன் நண்பகலில் 4.2° கீழும் நிற்கும். கற்பனைப் பகுதியின் அளவு அயன நாளில் 66.56° அட்சரேகையில் சுழியாகித் துருவத்தை நெருங்குந்தோறும் வரம்பின்றி வளரும்.

பயிற்சி: பாரதி நிலையத்திற்கு (அ = −69.4°) இரு அயன நாட்களிலும் ம-வைக் காண்க.
விடை: டிசம்பரில் மெய்ப்பகுதி 180°, ஜூனில் 0°; இரண்டிலும் த = ±0.547.